56052361 பகா எண் அல்ல

அன்புள்ள வாயாடிக்கு,

நலமா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்கப்போவதில்லை. கேட்டால் நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும்.

போன மாதம் நீ அனுப்பிய எண்ணுக்கு நான் தப்பான பதில் போட்டுவிட்டேன். ஆராய்ச்சிக்கென்று அவ்வளவு தூரம் போனபிறகு நம் விளையாட்டை மறந்திருப்பாய் என்றே நினைத்திருந்தேன். கல்லூரிப் பேருந்தில் ஒருத்தி ஓர் எண்ணைச் சொல்ல, இறங்குவதற்குள் மற்றவள் அதைச் சிறிய எண்களின் பெருக்கலாக உடைக்க வேண்டும். உடையாவிட்டால் பகா எண் என்று சொல்ல வேண்டும். திடீரென்று 56052361 என்று மட்டும் உன்னிடமிருந்து வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அலுவலகக் கணினியிலேயே போட்டுப் பார்த்தேன். நம் பேராசிரியை சொல்லிக்கொடுத்த குறுக்குவழிதான்: இரண்டை எடுத்து, உன் எண்ணுக்கு ஒன்று குறைவான அடுக்குக்கு உயர்த்தி, உன் எண்ணாலேயே வகுப்பது. பகா எண் என்றால் மீதி ஒன்று வரும். வந்தது. இரண்டுக்குப் பதில் மூன்றை வைத்துக் கேட்டேன், ஐந்தை, பதிமூன்றை. ஒன்று, ஒன்று, ஒன்று. "பகா எண்தான்டி, இதுக்கா இவ்ளோ பில்டப்பு?" என்று அனுப்பினேன். நீ ஒரு கட்டைவிரல் படத்தை மட்டும் அனுப்பினாய். அது உறுத்திக்கொண்டே இருந்தது. ஜெயித்தால் ஊரைக் கூட்டுகிறவள் நீ. தோற்றால் சண்டைக்கு வருகிறவள்.

ஞாயிற்றுக்கிழமை விடுதியில் பக்கத்து அறைப் பெண்கள் சினிமாவுக்குக் கூப்பிட்டார்கள். துணி துவைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். துவைத்து முடித்தும் பொழுது போகவில்லை. ஒவ்வொரு பகா எண்ணாக வைத்து வகுத்துக்கொண்டே போனேன். 211-இல் உடைந்தது. மிச்சம், 421 பெருக்கல் 631. மூன்று துண்டு! இவற்றில் ஒன்றையாவது தன்னுள் வைத்திருக்கும் எண் கேட்டால்தான் அதன் பகா எண் வேஷம் அகப்படும். வேறு எந்த எண் போய்க் கேட்டாலும் 'ஒன்று' என்றே சொல்லி அனுப்பிவிடும்.

உன் அம்மா போனில் சொன்னார்: "அவளுக்கென்னம்மா, எப்பக் கேட்டாலும் சூப்பரா இருக்கேன்னுதான் சொல்றா." உன் அண்ணனுக்கும் அதே பதிலாம். எனக்கும் அதேதான்.

நேற்று உன் துறை அலுவலகத்துக்கு போன் செய்தேன். யாரென்று தெரியாதவர்களிடம் பேச எனக்கு எப்படி நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்று உனக்குத் தெரியும். எடுத்தவர், "அந்தப் பொண்ணா? ரொம்ப நாளா வரலையேம்மா. ஊருக்குப் போயிருக்குன்னுல்ல நினைச்சோம்" என்றார். நன்றி சொல்லக்கூட மறந்து வைத்துவிட்டேன். உன் அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை.

அதனால் நானே முதலில் சொல்கிறேன். நான் இங்கே நன்றாக இல்லை. யார் பக்கத்தில் உட்காருவது என்று தெரியாமல் மதியச் சாப்பாட்டை மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். சில நாள் காலையில் சொல்லும் குட் மார்னிங்தான் அன்றைக்கு நான் பேசும் பேச்சு. வீட்டிலேயே முதலில் பட்டம் வாங்கினவள் என்று அப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம் என் கம்பெனிப் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவரிடம் போய் இதை எப்படிச் சொல்வது? அவர் கேட்டால் நானும் 'சூப்பரா இருக்கேன்' என்றுதான் சொல்கிறேன். உனக்கும் இப்படித்தானா?

பதில் எழுத வேண்டாம். அடுத்த வாரம் விடுப்புக் கேட்டு வாங்கிவிட்டேன். வெள்ளிக்கிழமை காலை ரயிலில் வந்து சேருவேன். எனக்காக அறையை ஒழுங்குபடுத்தாதே. தலைகூட வாரிக்கொள்ள வேண்டாம். தட்டும்போது எழுந்து வந்து கதவைத் திற, அது போதும்.

உன்,
ஊமைக்கோட்டான்