நான் ஒட்டிய கடைசிப் பக்கங்கள்

பிப்ரவரி 4

இந்த நோட்டில் நான் எழுதப்போவதை ஈரேழு பதினான்கு உலகத்திலும் ஒருவரும் நம்பப்போவதில்லை. சத்தியம். நான் நூலகத்தில் கிழிந்த புத்தகங்களை ஒட்டுபவன். இதுவரை ஒன்பது லட்சம் புத்தகங்களுக்கு உயிர் கொடுத்திருக்கிறேன். என் பசை டப்பா காலியானால் நாட்டில் கல்வியே நின்றுபோகும்.

மாதம் ஒருமுறை வாசல் பலகையும் நான்தான் எழுதுகிறேன். ‘இம்மாதம் படிக்க வேண்டிய மர்ம நாவல்கள்.’ இடப்பக்கம் பதின்வயதினருக்கு, வலப்பக்கம் பெரியவர்களுக்கு, நடுவில் இரு தரப்புக்கும் பொதுவாக ஒன்று. இம்மாதம் நடுவில் இருப்பது கலங்கரை விளக்க நாவல். “முதல் பக்கத்திலேயே டாக்டர் கடலில் விழுகிறார். இதயம் பலவீனமானவர்கள் துணையோடு படிக்கவும்.”

நம்மிடம் இருப்பது ஒரே பிரதி. அதிலும் கடைசி நான்கு பக்கங்கள் இல்லை. மர்ம நாவலின் தலையெழுத்து அது, முடிவைத்தான் கிழித்துக்கொண்டு போவார்கள் பாவிகள். வேறு பிரதி கிடைத்தால் அதைப் பார்த்துத் தட்டச்சு செய்து ஒட்டவேண்டும் என்பது விதி. கிடைக்காவிட்டால்? அங்கே விதி வாயைத் திறக்கவில்லை. அதனால் நான் திறந்தேன்.

பிப்ரவரி 9

ஆஸ்பத்திரியில் அக்கா அந்த நாவலை முடித்துவிட்டாள். நான் உள்ளே நுழைந்ததும் ஆரம்பித்தாள். “டேய், செத்துப்போன டாக்டர் கடைசில படகுல வந்து எறங்கி, பசிக்குதுங்கறான். இது உன் வேலைதானே?”

சிரித்தாள். சிரிப்பு இருமலானது. இருமல் நிற்கக் கால் மணி நேரம் ஆனது.

பிறகு அவளுடைய டாக்டர் என்னை மட்டும் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டார். ஒரு மாதம், மிஞ்சினால் ஒன்றரை. முடிவைச் சொல்ல இவருக்கு நாலு பக்கம் தேவைப்படவில்லை.

பிப்ரவரி 10

அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. “அவ பரீட்சை முடியற வரைக்கும் வாயத் திறக்காதே. ஊரையே ஏமாத்தறே, ஒரு பொண்ண ஏமாத்த மாட்டியா?”

அந்தப் பொண்ணு அக்காவின் ஒரே மகள். வயது பதினைந்து. நான் சூட்டிய பட்டம் இன்ஸ்பெக்டர். பிறந்த வருஷமே அப்பாவைப் பறிகொடுத்தவள். அன்றிலிருந்து வீட்டில் நாங்கள் மூவர்தான். மார்ச் கடைசி வரை பரீட்சை.

மாலை கேட்டாள். “மாமா, அம்மா எப்ப வீட்டுக்கு வருவா?”

“அடுத்த மாசம். பல்லக்குல. முன்னால எத்தன யானை விடட்டும்னு ஆஸ்பத்திரில கேட்டாங்க, ஒண்ணு போதும்னுட்டேன்.”

சிரித்தாள். நம்பிவிட்டாள். சண்டாளன் நான்.

பிப்ரவரி 17

யானைகள் இப்போது மூன்று.

பிப்ரவரி 23

நூலகத்துக்கு யாரோ ஒரு பெட்டிப் புத்தகங்களை நன்கொடையாக அனுப்பியிருந்தார்கள். பள்ளி விட்டு வந்த இன்ஸ்பெக்டர்தான் பிரித்தாள். உள்ளே அதே கலங்கரை விளக்க நாவல், முழுசாக. நின்றபடியே கடைசி அத்தியாயத்தைப் படித்தாள்.

“மாமா, டாக்டர் செத்துட்டார். நெஜமாவே செத்துட்டார். அவரு தம்பிதான் தள்ளிவிட்டிருக்கான்.”

“அச்சுப்பிழை” என்றேன். நான்கு பக்கத்துக்கு அச்சுப்பிழை!

அவள் மர்ம நாவல் அலமாரிக்குப் போனாள். நான் ஒட்டிய தாள் மற்றதைவிட வெளுப்பு, தடிமன். விரலால் புரட்டினாலே அகப்படும். நான் முடிவு எழுதி ஒட்டிய பதினொரு புத்தகங்களை எடுத்துத் தரையில் பரப்பினாள். தடயம் பிடிக்க அவள் கற்றதெல்லாம் என் பலகையில் நான் சிபாரிசு செய்த நாவல்களில்தான். கத்தியைத் தீட்டிக் கொடுத்துவிட்டுக் கழுத்தையும் நீட்டியிருக்கிறேன்.

பதினொன்றின் முடிவையும் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

“நீ எழுதின எல்லாத்துலயும் செத்தவங்க திரும்பி வந்துடறாங்க மாமா.”

பசை டப்பாவை மூடினேன். திறந்தேன். மூடினேன்.

“அம்மா அடுத்த மாசம் வருவாங்கறதும் நீ எழுதி ஒட்டினதா?”

பதினான்கு உலகத்திலும் எனக்கு ஒரு பொய் அகப்படவில்லை.

“ஆமா” என்றேன்.

பிப்ரவரி 24

அக்கா என்னைத் திட்டினாள். “உனக்கு ஒரு பொய்யக்கூட உருப்படியா சொல்லத் தெரியல.” திட்டும்போதே மகளின் தலையைத் தோளோடு சேர்த்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பவில்லை. “நீங்க கொஞ்சம் வெளில இருங்க” என்றாள்.

நீங்க! பேச்சு வந்த நாள் முதல் ‘நீ வா போ’ என்று என்னை மேய்த்தவள். மரியாதையால் ஒரு மனிதனை அறைய முடியும் என்று இன்றுதான் தெரிந்தது.

மார்ச் 2

தாழ்வார நாற்காலி எனக்கு. உள்ளே மகள் ஒரு நாவலை உரக்க வாசிக்கிறாள், தாய் குறுக்கே பேசுகிறாள். “சமையல்காரிதான். எழுதி வச்சுக்கோ.” “போம்மா, அவளுக்குக் கைல கட்டு!” “கட்டுதான்டி சந்தேகமா இருக்கு.” கதவிடுக்கு வழியாகச் சிரிப்பு வருகிறது.

இதையா நான் மறைக்கப் பார்த்தேன்? அவளுக்கு நல்லது என்று நினைத்து, இந்த மத்தியானங்களையா?

மார்ச் 11

அக்கா போய்விட்டாள். காலை பத்தேகால்.

மார்ச் 13

ஏன்க்கா, படகு ஒண்ணும் வரலியே. பாத்துக்கிட்டுதானே இருக்கேன்.

மார்ச் 31

பரீட்சை முடிந்தது. ஒன்றையும் விடாமல் எழுதினாள். ஒரே வீடு, ஒரே மேசை. என்னோடு பேச்சு இல்லை. காலையில் ஒரு சீட்டு மட்டும்: ‘சாவி பக்கத்து வீட்டில் இருக்கிறது.’

நூலகர் அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார். “வேலைய விட்டே தூக்கணும் உங்கள. ஒண்ணுவிடாம பிரிச்சு எடுங்க. அசல் கெடைக்கற வரைக்கும் முடிவு இல்லன்னு எழுதி ஒட்டுங்க.”

ஏப்ரல் 18

பத்தைப் பிரித்துவிட்டேன். ஈரத்துணியை வைத்து, பசை இளகியதும் மெல்ல உரிக்கவேண்டும். செத்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பப் போனார்கள்.

வீட்டில் தனியாக இருக்கப் பிடிக்காமல் இன்ஸ்பெக்டரும் நூலகத்துக்கு வருகிறாள். எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, புத்தகம் எடுப்பவர்களுக்குத் தேதி முத்திரை குத்திக் கொடுக்கிறாள். இன்று மதியம் ஒரு தையல்காரர் வந்தார். என் மேசையில் கிடந்த பதினொன்றாவதை எடுத்துக்கொண்டு நேரே அவளிடம் போனார். நான் ஈரத்துணியும் கையுமாக நின்றேன்.

“இது எம் பொண்ணுக்குப் புடிக்குமாம்மா? நானும் படிப்பேன்.”

அவள் கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தாள். “ரெண்டு பேருக்குமே புடிக்கும். ஆனா கடைசி மூணு பக்கம் காணாமப் போச்சு. அதுக்குப் பதிலா எங்க மாமா எழுதினது இருக்கு.”

“அப்ப அது பொய்யா?”

“பொய்தான்” என்றாள். தேதி முத்திரையை மையில் ஒற்றினாள். “செத்தவங்கள இன்னும் கொஞ்ச நேரம் உக்கார வச்சிருப்பாரு. அவ்வளவுதான்.”

தேதி குத்திக் கொடுத்தாள்.

அதன்பின் கூரை பிளந்து பூமாரி பொழிந்தது, தையல்காரர் தேம்பினார், அவள் ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள் என்று எழுதக் கை துடிக்கிறது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒன்பது லட்சம் புத்தகம், மூன்று யானை, பூமாரி எல்லாம் என் புளுகு.

‘எங்க மாமா’ என்றாள். அது நிஜம்.