புயலுக்குக் கட்டிய மூட்டை

வீரபாண்டி, திருப்பூர்
21.11.2005

அன்புள்ள சித்ராதேவிக்கு,

நான் நலம். நீயும் பிள்ளை செல்லக்கனியும் நலமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. ரேடியோவைத் திருப்பினால் புயல், புயல் என்கிறான். பூத்துக்குப் போன் செய்தால் நீ "ம்" என்பதைத் தவிர வேறு பேசுவதில்லை. கடிதத்தில் மட்டும்தான் வாய் திறக்கிறாய். அதனால் எழுதுகிறேன்.

அரிசி, பருப்பை டிரம்முக்குள் போட்டு மூடு. ரேஷன் கார்டையும் தீப்பெட்டியையும் பாலிதீன் பையில் சுற்றி வை. இருக்கிற குடத்தில் எல்லாம் தண்ணீர் பிடி. முருங்கைக் கிளை கூரை மேல் சாய்கிறதே, யாரையாவது வெட்டச் சொல். கூரைத் தகரத்தை இழுத்துக் கட்ட, என்னோடு வேலை பார்க்கும் நம்ம ஊர் முனீஸிடம் கயிறு கொடுத்து அனுப்பியிருக்கிறேன். கம்பெனியில் மிச்சமாகும் பனியன் துணியை நானும் அவனும் உட்கார்ந்து முறுக்கியது.

இதற்குத்தான் அன்றைக்கே திருப்பூருக்கு வா என்றேன். வந்து மூன்று மாதத்தில் ஓடிப்போனாய். இங்கே தலைக்கு மேல் கான்கிரீட் இருக்கிறது. இப்போதும் கெட்டுப்போகவில்லை, வந்துவிடு.

உன்,
அழகுமலை


தொண்டி
24.11.2005

அன்புள்ள மச்சானுக்கு,

நீங்கள் எழுதியதை எல்லாம் நீங்கள் எழுதும் முன்பே செய்துவிட்டேன். கடற்கரையில் பிறந்தவளுக்கே பாடமா? முருங்கையை நானே ஏறி வெட்டினேன். ஏணியைப் பிடித்துக்கொண்டது செல்லக்கனி.

கயிறு வந்தது. கட்டி முடித்த அன்றே மழை. விடிந்து பார்த்தால் கயிறு தொங்குகிறது, தகரம் மேலே தாளம் போடுகிறது. பனியன் துணி இழுத்தால் நீளும், நனைந்தால் இன்னும் நீளும் என்று எனக்கே தெரிகிறது. அதிலேயே கிடக்கும் உங்களுக்குத் தெரியாதா? மனசு இங்கே இருந்தால்தானே என்று கோபம் வந்தது. நீங்கள் இருவரும் உட்கார்ந்து முறுக்கியதை நினைத்ததும் சிரிப்பு வந்துவிட்டது. தேங்காய் நார்க் கயிறு வாங்கி மறுபடி கட்டிவிட்டேன்.

கான்கிரீட் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. நீங்கள்தான் இல்லை. விடிந்ததும் போனால் நாங்கள் தூங்கிய பிறகு வருவீர்கள். அந்த லைன் வீட்டில் யாரோடு பேசுவேன்?

ஒரு புயல் கரை ஏறாமல் போய்விட்டது. அடுத்தது கிளம்பியிருக்கிறதாம். காற்று கொஞ்சம் வலுத்தால் பிள்ளை என் முந்தானையை விடுவதில்லை. எனக்கும் பயம்தான், சொல்வதற்கென்ன. யோசனை போதும் மச்சான். நீங்கள் வாருங்கள்.

தங்கள்,
சித்ரா


வீரபாண்டி
28.11.2005

அன்புள்ள சித்ராவுக்கு,

கயிற்றுக் கதையை வீட்டுக்கார அம்மா மயிலாத்தாளிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன். "ஏனுங்க அழகுமலை, பொண்டாட்டி புள்ளையக் காத்துல உட்டுப்போட்டு, கவுத்த மட்டும் அனுப்பிச்சீங்களாக்கும்? எந்திரிச்சுப் போங்க சாமி" என்கிறார்கள்.

எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை. மெஷின் சத்தம்கூட காற்றுச் சத்தமாகக் கேட்கிறது. நேற்று ஒரு பண்டலைத் தப்பாக வெட்டிவிட்டுத் திட்டு வாங்கினேன். சூப்பர்வைசரிடம் லீவு கேட்டால், "சரக்கு கண்டெய்னர்ல ஏறட்டும்ங்க" என்கிறார். ஏறினாலும் ஏறாவிட்டாலும் சனிக்கிழமை காலை பஸ்ஸில் வந்து இறங்குவேன். செல்லக்கனியின் தலையில் அடித்துச் சத்தியம். நீ பயப்படாதே.

உன்,
அழகுமலை


தொண்டி
6.12.2005

மச்சானுக்கு,

புயல் வரவில்லை. வடக்கே திரும்பிவிட்டதாம். நீங்களும் வரவில்லை.

சனிக்கிழமை நானும் பிள்ளையும் பஸ் ஸ்டாண்டில் நின்றோம். முனீஸ் இறங்கினான். கையில் டார்ச் லைட், மெழுகுவத்தி, பிரெட் எல்லாம் வைத்த பை. "சரக்கு இன்னும் ஏறல மதினி. அண்ணன் அடுத்த வாரம் கட்டாயம் வாரேன்னு சொல்லச் சொன்னாக" என்றான். அவனால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பாவம், அவன் என்ன செய்வான். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நீங்கள் வருவதாக எழுதியதும் நான் மூட்டை கட்டினேன். துணிமணி, நாலு பாத்திரம், பிள்ளையின் புத்தகங்கள். புயலுக்குப் பள்ளிக்கூடத்தில் போய்த் தங்கத்தான் கட்டுகிறேன் என்று அக்கம்பக்கத்தில் நினைத்தார்கள். அது திருப்பூருக்குக் கட்டிய மூட்டை. டீச்சரிடம் டி.சி.கூடக் கேட்டு வைத்திருந்தேன். எங்களுக்காக ஒரே ஒரு தடவை அந்தக் கம்பெனியை விட்டு எழுந்து வரட்டும், அப்புறம் நான் எங்கே வேண்டுமானாலும் இருந்துகொள்வேன் என்று நினைத்தேன்.

திரும்பி வரும்போது செல்லக்கனி, "அப்ப நாம போகலையாம்மா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். ஏன் என்று அவள் கேட்கவே இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

நேற்று மூட்டையைப் பிரித்து எல்லாவற்றையும் எடுத்த இடத்தில் வைத்துவிட்டேன். டி.சி. வேண்டாம் என்று டீச்சரிடம் சொல்லியாகிவிட்டது. லீவு கிடைக்கும்போது வாருங்கள். பிள்ளையைப் பாருங்கள், சாப்பிட்டுவிட்டுப் போங்கள். திருப்பூருக்கு வா என்று மட்டும் இனிமேல் எழுத வேண்டாம்.

சித்ராதேவி