கலுங்கு மேல் இரண்டு வரிசை மூட்டை

அன்புள்ள சத்யப்ரியா அக்காவுக்கு,

உன் தங்கை முத்துமீனா எழுதுகிறேன். வீட்டில் எல்லோருக்கும் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, குவாஹாட்டியில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கவேண்டும். அப்பாவும் அம்மாவும் தூங்கிய பிறகு அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே. போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் வீட்டில் இருக்கிற ஒரே போன் அப்பாவின் சட்டைப்பையில் இருக்கிறது. உன் பேரை எடுத்தாலே எழுந்து வெளியே போய்விடுகிற அப்பா, இந்தத் தீபாவளிக்குத்தான் முதல்முறையாக, "அங்க குளிரு எப்பிடியாம்?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா அதை என்னிடம் திரும்பத் திரும்பச் சொல்லிப் பூரித்துப்போனாள். அதை நான் கெடுத்துவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது அக்கா.

நீ பல்கலைக்கழகத்தில் படித்தபோது பவதாரிணி மேடத்தோடு சேர்ந்து செய்தாயே, நம் பக்கத்துக் கண்மாய்களையும் கால்வாய்களையும் கம்ப்யூட்டருக்குள் வைத்து, யார் எப்போது மடையைத் திறந்தால் யாருக்கு எவ்வளவு தண்ணீர் போகும் என்று நாலு ஊர்க்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்து ஓட்டிப் பார்ப்பது, அது இந்த வருசமும் நடக்கிறது. அன்றைக்கு நம் ஊர்தான் அதிகம் எடுக்கிறது என்று அந்தத் திரை காட்டியதும், தலைவர் வீட்டுப் பெண்ணே ஊரைக் காட்டிக் கொடுத்துவிட்டாள் என்று எல்லோரும் பேசியதும், அப்பா உன்னோடு பேச்சை நிறுத்தியதும் உனக்கு மறந்திருக்காது. ஆனால் இந்த ஐப்பசியில் அப்பாவே போய்த் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். நம் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அந்த மிச்சத் தண்ணீர் அப்படியே கீழக்கண்மாய்க்குப் போகட்டும் என்று ஒத்துக்கொண்டார். கலுங்கு எவ்வளவு உயரம் என்று மேடம் கேட்டதற்கு, தண்ணீர் வழிகிற அந்தக் கல்லின் உயரத்தைச் சரியாகத்தான் சொன்னார். முதல் மறுகால் பாய்ந்ததும் தேங்காய் உடைத்து, அன்று சாயங்காலமே வழிவதை நிறுத்தக் கலுங்கு மேல் இரண்டு வரிசை மணல் மூட்டை அடுக்குவோமே, அதை அவரும் சொல்லவில்லை, வேறு யாரும் சொல்லவில்லை. பொய் சொல்லவேண்டும் என்று இல்லை அக்கா, யாருக்கும் தோன்றவே இல்லை. தலைப்பாகையைச் சேர்த்து யாராவது ஆள் உயரம் சொல்வார்களா?

ஆனால் திரையில் தண்ணீர் வருகிறது என்று நம்பி கீழக்கண்மாய்க்காரர்கள் நாற்றுப் பாவிவிட்டார்கள். தண்ணீர் வரவில்லை. என்னோடு படிக்கிற ஆன்சியை உனக்குத் தெரியும், அவள் அப்பா தனிஸ்லாஸ் மாமா கால்வாய்தான் தூர்ந்திருக்கும் என்று ஊரையே கூட்டிக்கொண்டு போய் வாரினார். ஆன்சியும் மண் சுமந்திருக்கிறாள், உள்ளங்கை முழுக்கக் கொப்புளம், பேனா பிடிக்க முடியவில்லை. சாப்பாட்டு நேரத்தில் சிரித்துக்கொண்டே, "உங்க ஊருத் தண்ணிக்கு எங்க ஊருக்கு வழி தெரியலையாடி, நீயாச்சும் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வாயேன்" என்றாள். கலுங்கு மேல் இருக்கிற மூட்டை அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். "எல்லா வருசமும் போடுற மூட்டதான? எடுத்தா நம்ம கடைசி வயலு காயும், ஊரு என்னையத்தான் கேக்கும். கல்லு மட்டத்துக்குத்தான் தண்ணி நிக்கிதுன்னு போடு" என்றார். பிறகு, "இன்னொரு பொண்ணால என்னையத் தலகுனிய வைக்காத" என்றார். அதட்டவில்லை, மெதுவாகத்தான் சொன்னார், அதுதான் தாங்கவில்லை.

ஊருக்கு ஒரு பிள்ளை தினமும் கண்மாய் மட்டத்தைப் பார்த்துப் பதியவேண்டும் என்று மேடம் கொடுத்த டேப்லெட் என்னிடம்தான் இருக்கிறது. இவ்வளவு நாளும் அப்பா சொன்னபடிதான் போட்டேன். இன்றைக்கு மூட்டையின் உயரத்தையும் சேர்த்து உள்ளதைப் போட்டுவிட்டேன். போட்டதும் திரையில் கீழக்கண்மாய் நீல நிறம் போய் வெறும் மண் நிறமாகிவிட்டது. வருகிற சனிக்கிழமை நாலு ஊரும் அதைப் பார்க்கும். அதற்குள் மாற்றிவிடலாம், திறந்து திறந்து பார்த்து மூடிவைக்கிறேன். நீதான் அங்கிருந்து எனக்குச் சொல்லிக்கொடுத்தாய் என்று அப்பா நினைப்பார். நீ ஒன்றும் சொல்லவில்லை, உனக்கு எதுவும் தெரியாது, நானாகச் செய்ததுதான். உன்னைக் கூப்பிட்டுக் கத்தினால் எதிர்த்துப் பேசாதே, கணக்கெல்லாம் விளக்காதே, அவருக்கு அதில் இன்னும் கோபம் வரும். நாய் குரைக்கிறது, கொஞ்சம் பொறு.

வேறு யாரும் இல்லை, அம்மா எழுந்து வந்ததற்குத்தான் அது குரைத்திருக்கிறது. பேப்பரைப் பாவாடைக்குள் மறைத்தேன், கையை நீட்டினாள், கொடுத்துவிட்டேன். நின்றபடியே முழுவதும் படித்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். "மூட்டயில நீல நைலான் நூலா?" என்று கேட்டாள், தலையாட்டினேன். "நாந்தாண்டி தச்சுக் குடுத்தேன். வருசா வருசம் தைக்கிறேன், அதுக்கு அங்கிட்டு ஒரு ஊரு இருக்குன்னு நெனச்சதே இல்ல" என்று சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். இனி அவளே எழுதுகிறாள்.

சத்யா கண்ணு, அம்மா எழுதுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள், அந்த ஊர்த் தண்ணீரைக் காய்ச்சிக் குடி, ஈரத்தலையோடு வேலைக்கு ஓடாதே. இவள் போட்டதை மாற்றவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சனிக்கிழமை நானும் கூட்டத்துக்குப் போகிறேன். நான் போனதே இல்லை, பெண்களுக்கு அங்கே நாற்காலி போடுவார்களோ என்னவோ, நின்றுகொள்கிறேன். யார் வீட்டு மூட்டை என்று கேட்டால் என் வீட்டு மூட்டை, நான் தைத்தது என்று சொல்வேன். சபையில் வைத்து உன் அப்பாவுக்குத் தெரியவேண்டாம், வெள்ளிக்கிழமை சோறு போடும்போது நானே சொல்லிவிடுகிறேன். நாளைக்குத் திருப்பரங்குன்றம் கோயிலுக்குப் போகும்போது இதை விரைவுத் தபாலில் போடுகிறேன், அதற்குள் உனக்கு வந்துவிடும். முருகன் உன்னை நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே. சொன்னதும் அப்பா போனை எடுத்து உன்னைத்தான் கூப்பிடுவார். திட்டுவதற்காவது கூப்பிடட்டும். முதல் மணியிலேயே எடு.

உன் அம்மா,
கனகலட்சுமி