கைச்சூடு

மார்ச் 3

அக்காவுக்கு,

ஆறு வருஷம் கழித்து எழுதுகிறேன். நலம் விசாரிக்க அல்ல. நீ ஆறாவது மாடியில் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் பதிலாக ஓடுகிற அந்த மெஷினை நோயாளிகளுக்கு ஓட்டிக்கொண்டிருக்கிறாய். நான் அதே ஆஸ்பத்திரியில் இரண்டாவது மாடியில் மஞ்சள் பூத்துக் கிடக்கிறேன். இதை என் வீட்டுக்காரி லிஃப்டில் கொண்டுவருவாள். அவளைத் திட்டாதே.

இன்று பெரிய டாக்டர் வந்தார். எனக்கு வேறு கல்லீரல் எந்த நாளும் கிடைக்கலாமாம். ஆனால் கல்லீரல் கெட்டதில் நுரையீரல் குழாய்களிலும் அழுத்தம் ஏறிவிட்டதாம். புதுசுக்கு ரத்தத்தைத் திறந்துவிடும்போது இதயம் தாங்காமல் போகலாம் என்கிறார். "மெஷின் பக்கத்துல தயாரா இல்லாம நான் கத்தியைத் தொட மாட்டேன். அதுக்குச் சம்மதம்னு கையெழுத்துப் போடுங்க" என்றார்.

நான் போடவில்லை. அப்பா அந்த மெஷினில்தான் கிடந்தார். வெளிநாட்டிலிருந்து அடித்துப் பிடித்து ஓடிவந்து அவர் கையைப் பிடித்தேன். சூடாக இருந்தது. நீ என் கண் முன்னால் மெஷினை நிறுத்தினாய். எனக்கும் யாராவது வந்து நிறுத்துவார்கள். அதற்கு இப்படியே போய்விடலாம்.

உன் மேல் கோபம் போகவில்லை. ஆனாலும் இதை வேறு யாரிடம் சொல்வது?

தம்பி

மார்ச் 4

உம்மணாமூஞ்சிக்கு,

மூக்குச் சிவந்தால் அப்பா உன்னை அப்படித்தான் கூப்பிடுவார். உன் கையெழுத்து இன்னும் கோழி கிளறியது போலத்தான் இருக்கிறது. நான்கு வரி படிப்பதற்குள் டீ ஆறிவிட்டது.

இப்போது நான் சொல்வதைக் கோபப்படாமல் படி. அந்த மெஷின் ரத்தத்தை வெளியே எடுத்து, காற்றூட்டி, சூடாக்கி, உள்ளே அனுப்பும். சூடாக்குவதற்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர்ப் பெட்டி உண்டு. அதை முப்பத்தேழு டிகிரியில் வைத்தது நான்தான். அப்பாவுக்குச் செவ்வாய்க்கிழமையே மூளைச்சாவு. இரண்டு டாக்டர்கள் சோதித்துச் சொல்லிவிட்டார்கள். நீ வந்து சேர வியாழனாகும். "எங்க தம்பி வர்ற வரைக்கும் ஓடட்டும் சார், அவன் ஜில்லுனு இருக்கற கையைத் தொட வேண்டாம்" என்று பெரிய டாக்டரிடம் கெஞ்சினேன். இரண்டு நாள் நானே உட்கார்ந்து ஓட்டினேன். நீ பிடித்தது அப்பாவின் கைதான். சூடு மெஷினுடையது.

மகளே ஓட்டி மகளே நிறுத்தியது தப்பு. அதற்குப் பிறகுதான் சொந்தக்காரர்கள் மெஷின் பக்கம் வரக்கூடாது என்று இங்கே விதி வைத்தார்கள். அதனால் உனக்கு நான் ஓட்ட முடியாது. என்னோடு பத்து வருஷமாக வேலை பார்க்கிற நெட்டையர் ஓட்டுவார். என்னைவிடப் பொறுமைசாலி.

இன்னொன்று. அந்த மெஷினை மாட்டுவதே என்றைக்காவது நிறுத்துவதற்குத்தான். இதயம் தேறியதும் நிறுத்தி, குழாயை உருவி, வார்டுக்கு அனுப்புவோம். எல்லாரும் தேறுவதில்லை, உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அப்பாவுக்கு இல்லாத வழி உனக்கு இருக்கிறது. கையெழுத்துப் போடுடா.

அக்கா

மார்ச் 5

அக்கா,

நேற்று நான் அழுத அழுகையில் என் வீட்டுக்காரி பயந்துபோய் நர்ஸைக் கூப்பிட்டுவிட்டாள். கையெழுத்துப் போட்டாயிற்று.

வாய்க்கு வந்தபடி பேசினேன். சித்தப்பா வீட்டுக் கல்யாணத்தில் நீ வந்து உட்கார்ந்ததும் பந்தியிலிருந்து எழுந்து போனேன். அப்போதாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. ஏன் வாயைத் திறக்கவில்லை?

அப்பா மாதிரி எனக்கும் ஆகிவிட்டால், யாருக்காகவும் என்னைச் சூடாக வைத்திருக்காதே. இவளிடம் அன்றைக்கே உண்மையைச் சொல்லிவிடு. நிறுத்துவது மட்டும் நீயாக இருக்கட்டும்.

தம்பி

மார்ச் 14

டேய் தம்பி,

மயக்க மருந்தில் தூங்குகிறாய். விழித்ததும் படிக்க இதைத் தலையணைக்கு அடியில் வைக்கிறேன்.

ஒன்பதாம் தேதி கல்லீரல் வந்தது. ரத்தத்தைத் திறந்துவிட்ட மூன்றாவது நிமிஷம், டாக்டர் பயந்தபடியே உன் இதயம் தொய்ந்துவிட்டது. நெட்டையர் உடனே மெஷினை ஓடவிட்டார். நான் வெளியே உன் வீட்டுக்காரியோடு உட்கார்ந்திருந்தேன். இருபது வருஷம் உள்ளே இருந்த எனக்கு, வெளியே உட்காருவது எவ்வளவு கொடுமை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஐந்து நாள் மெஷினில் இருந்தாய். இன்று காலை பெரிய டாக்டர் கதவைத் திறந்து, "இதயம் தேறிடுச்சு. விதி கிடக்கட்டும், நிறுத்த நீங்க வாங்க" என்றார். நான்தான் குழாயில் கிடுக்கியைப் போட்டு மெஷினை நிறுத்தினேன். எல்லாரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் உன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டாயே. என்னைத் திட்டும்போதெல்லாம் "அப்பா கை சூடா இருந்துச்சு" என்றுதான் ஆரம்பிப்பாய். திட்டினால் திட்டிவிட்டுப் போ, அந்தச் சூடாவது உன்னிடம் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது மணி நாலு. தண்ணீர்ப் பெட்டியை அணைத்து ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். உன் கை சூடாகத்தான் இருக்கிறது. இது உன்னுடையது.

அக்கா

மார்ச் 22

என் அக்காவுக்கு,

பேனா பிடிக்க இன்றுதான் தெம்பு வந்தது. கோழி கிளறியிருக்கிறது என்று சொல்லாதே. தொண்டையில் குழாய் இருந்ததால் பேச்சு இன்னும் சரியாக வரவில்லை.

வேலை முடிந்து இறங்கும்போது இரண்டாவது மாடியில் லிஃப்டை நிறுத்து. பேச ஒன்றும் வேண்டாம். கையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போ.

உன் உம்மணாமூஞ்சி