சாவி வண்டியிலேயே இருந்தது

அம்மாவுக்கு வணக்கம். நான் சௌக்கியம். உங்கள் மூட்டுவலி தேவலையா?

செவ்வாய்க்கிழமை ஒரு பழைய காருக்கு வால்வு சரிசெய்தேன். எஞ்சினிலிருந்து பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையை இடது கட்டைவிரலால் மூடிக்கொண்டு, வலது கையால் பெல்ட்டை இழுத்து எஞ்சினைச் சுற்றவேண்டும். காற்று விரலைத் தள்ளினால், வால்வுகள் மூடி பிஸ்டன் மேலே ஏறுகிறது என்று அர்த்தம். எப்போதும் சாவியை என் சட்டைப்பையில் போட்டுக்கொள்வேன். அன்று மறந்துவிட்டேன்.

"பாட்டுப் போடத்தான் திருப்பினேன், கொஞ்சம் கூடிப்போச்சுண்ணே" என்று வண்டிக்குள் உட்கார்ந்திருந்த டிரைவர் அழுதான். எஞ்சின் சுற்றி, பெல்ட்டில் கை மாட்டிக்கொண்டது. சின்னக் காயம்தான். முதலாளி என் இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டார், எனக்கும் ஓய்வுதானே.

கோணல் எழுத்துக்குத் திட்டாதீர்கள், இடது கை இப்போதுதான் பழகுகிறது. பொத்தான் இல்லாத சட்டை இரண்டு அனுப்புங்கள். தினமும் டிரைவர்தான் போட்டுவிடுகிறான். ஒவ்வொரு பொத்தானுக்கும் அழுகிறான்.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள்.
உங்கள் பெரியவன்