காம்பு விடும் இடம்

மன்னி,

கொல்லை மாமரத்தில் ஒரு கிளை ஒடிந்து தொங்குகிறது. போன மாதக் காற்றில் முறிந்தது, மற்றக் கிளைகளில் சிக்கிக்கொண்டதால் கீழே வரவில்லை. இலையெல்லாம் காய்ந்து பழுப்பாகிவிட்டது, ஆனால் ஒன்றுகூட உதிரவில்லை. காற்றடித்தால் வறவறவென்று சத்தம் வருகிறது. இழுத்துப் போட்டுவிடலாமே என்றேன் அண்ணாவிடம். "இலை இருக்கே, இருந்துட்டுப் போறது" என்றான்.

வேறு யார் சொல்லியிருந்தாலும் விட்டிருப்பேன். சொன்னது உன் புருஷன். இத்தனை வருஷம் உன்னோடு குடித்தனம் பண்ணினவன்.

நீ போனதிலிருந்து அவன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. காரியங்களை ஒரு குறையில்லாமல் செய்தான். நேரத்துக்குக் குளிக்கிறான், ஆபீஸ் போகிறான், பேப்பர் படிக்கிறான். எவ்வளவு திடமாக இருக்கிறார் பார் என்று வலியசாலைத் தெருவே மெச்சிக்கொள்கிறது. நான் மட்டும் உன்னிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வியோடு திரிந்தேன். இது திடமா, இல்லை ஆள் உள்ளே காய்ந்துவிட்டானா? இதைப் பார்த்துச் சொல்லத் தெரிந்தவள் நீ ஒருத்தி. நீயோ இல்லை.

உறவில் நீ பெரியவள், வயதில் நான். அதனால் மன்னி என்றும் கூப்பிட்டேன், நீ வா போ என்றும் பேசினேன். கல்லூரியில் தாவரவியல் நடத்தினவள் நீ. செருப்பை வாசலில் விடுகிற மாதிரி அதை விட்டுவிட்டு வர உனக்குத் தெரியாது. வெங்காயத் தோலை உரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, இதில் செங்கல் அடுக்கினாற்போல செல் செல்லாக இருக்கிறது பார் என்பாய். எனக்கு வெங்காயம்தான் தெரியும், கண்ணும் எரியும். வாழைத்தண்டு நறுக்கும்போது விரலில் சுற்றிக்கொள்ளும் நூலைக் காட்டி, இதுதான் தண்ணீர் ஏறின குழாய், உள்ளே ஸ்பிரிங் மாதிரி சுருள் இருக்கிறது, அதனால்தான் இழுத்தால் நீள்கிறது என்பாய். கறி எப்போது ஆகும் என்று அண்ணா எட்டிப் பார்ப்பான். பழைய பஸ் டிக்கெட்டைக்கூடத் தூக்கிப் போடாதவன் அவன். "உங்கண்ணாவுக்கு எதையும் விடத் தெரியாது, கேட்டயா" என்று சிரிப்பாய்.

கழக்கூட்டத்தில் அந்த இரண்டு புங்க மரங்களை இடம் மாற்றினோமே, அது நினைவுக்கு வருகிறது. எங்கள் கம்பெனி வளாகத்தில் கட்டடமும் தோட்டமும் என் பொறுப்பு. புதுக் கட்டடத்துக்காக மரங்களை வெட்டுவது என்று முடிவாயிற்று. வேரோடு எடுத்து வேறு இடத்தில் நடலாம் என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். வேர் மண்ணைச் சாக்கில் கட்டி, கிரேனில் தூக்கி, மதில் பக்கம் இரண்டையும் அருகருகே நட்டார்கள். கொஞ்ச நாளிலேயே ஒரு மரம் இலை முழுக்கக் கொட்டி மொட்டையாக நின்றது. மற்றது இலையோடு இருந்தது. நிறம் மங்கியிருந்தாலும் நிறைய இலை. ஒன்றாவது பிழைத்ததே என்று நான் கோயிலுக்குக்கூட நேர்ந்துகொண்டேன்.

மேஸ்திரி செங்கோட்டைக்காரர். மொட்டை மரத்தைக் காட்டி, "மேடம், இது தீர்ந்து போச்சு. திங்கக்கிழமை ஜேசிபி வருது, எடுத்துரலாம்" என்றார். அந்தச் சனிக்கிழமை நீ கிழக்கேகோட்டையில் பஸ் ஏறி வந்தாய். வெயிலில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு முதலில் இலை இருந்த மரத்திடம் போனாய். ஓர் இலையைப் பிடித்து இழுத்தாய். அது அப்பளம் மாதிரி நொறுங்கியது, காம்பு மட்டும் கிளையை விடவில்லை. பலமாக இழுத்ததும் தோலோடு கிழிந்து வந்தது. பிறகு மொட்டை மரத்திடம் போய், இலை இருந்த இடங்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாய். காம்பு விட்ட தழும்பெல்லாம் ஆறிப்போன காயம் மாதிரி மூடியிருந்தது. கட்டைவிரல் நகத்தால் பட்டையைக் கொஞ்சம் கீறினாய். உள்ளே பச்சை.

"இலை தானா விழல. மரம் விட்டிருக்கு. விடறதுக்கு உசிர் வேணும்" என்றாய்.

மேஸ்திரிக்கும் எனக்கும் சேர்த்து விளக்கினாய். வேர் அறுபட்டுத் தண்ணீர் போதாதபோது, மரம் காம்பின் அடியில் மெல்லிய செல்களால் ஒரு படலம் கட்டுகிறது. அந்த இடத்தில்தான் காம்பு பிரியும். அதற்குக் கீழே தக்கை மாதிரி இன்னொரு படலம் வந்து காயத்தை மூடும். இலையைப் பிரிப்பது மரம், காற்று பேருக்குத்தான். திடுமென்று செத்த மரத்துக்கு இந்த வேலையைச் செய்ய ஆளில்லை. அதனால் இலை இருந்த இடத்திலேயே காய்ந்து தொங்கும். மேஸ்திரி இரண்டு மரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ இலை உள்ளது செத்தது, இல்லாதது உயிரோட. கொள்ளாமே" என்று மலையாளத்தில் மெச்சினார். மழை பிடித்ததும் மொட்டை மரம் துளிர்த்தது. ஜேசிபி வந்து மற்றதை எடுத்துப் போயிற்று. எனக்குக் கம்பெனியில் மானம் மிஞ்சியது.

பிறகு உனக்கு உடம்புக்கு வந்தது. டாக்டர் சொன்னதை எங்களைவிட நீதான் நிதானமாகக் கேட்டாய். மறு வாரமே ஆரம்பித்துவிட்டாய். வகுப்புகளைத் துறையில் உனக்கு அடுத்திருந்தவளிடம் ஒப்படைத்தாய். சிலைடு பெட்டிகளை ஆட்டோவில் ஏற்றிக் கல்லூரிக்கு அனுப்பினாய். பட்டுப் புடவைகளைப் பிரித்துக் கொடுத்தாய். கேஸ் சிலிண்டருக்குச் சொல்வது எப்படி, ரசத்துக்கு எப்போது இறக்க வேண்டும் என்று அண்ணாவுக்குச் சொல்ல முயன்றாய். அவன் ஒவ்வொரு முறையும் எழுந்து வாசலுக்குப் போய்விடுவான். நான் உன்னைத் திட்டினேன். இப்போதே கையை உதறுகிறாயே, என்ன அவசரம் என்று கேட்டேன். "தெம்பு இருக்கறச்சே பண்ணினாத்தான் காயம் மூடும்" என்றாய். எனக்குக் கோபத்தில் ஒன்றும் ஏறவில்லை. பதின்மூன்றாம் நாள் பந்தியில் பரிமாறிக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது, நீ அத்தனை நாளும் அந்தப் படலத்தைத்தான் கட்டிக்கொண்டிருந்தாய் என்று. உன் பக்கம் கட்டி முடித்துவிட்டாய். அண்ணா பக்கம் யாரும் கட்டவில்லை.

நீ கொடுக்க மறந்த ஒரே சாமான் ஆய்வகத்து வெள்ளைக் கோட்டு. சாமான்களைக் கல்லூரிக்கு அனுப்பின அன்றைக்கு அது அழுக்குக் கூடையில் கிடந்தது. அண்ணா அதை ஞாயிற்றுக்கிழமைதோறும் துவைக்கிறான், மன்னி. யாரும் போடாத கோட்டை. பையோரத்தில் இருக்கும் சிவப்புச் சாயக் கறையைத் தேய்க்கிறான், காயப்போடுகிறான், இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டுகிறான். அடுத்த ஞாயிறு மறுபடியும்.

இன்றைக்கு என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கொடியிலிருந்து கோட்டை எடுத்து என் பைக்குள் திணித்தேன், கல்லூரியில் கொடுத்துவிடுகிறேன் என்றேன். அவன் பைக்கு வெளியே தொங்கிய கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டான். நான் விடவில்லை, எனக்கும் பிடிவாதம் உண்டே. இரண்டு பேரும் இழுத்ததில் தோள் தையல் பிரிந்தது. அந்தச் சத்தம் கேட்டதும் துவைக்கிற கல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"அவ போயிட்டாடி" என்றான்.

அவன் வாயிலிருந்து அந்தச் சொல் வருவது இதுதான் முதல் தடவை. பிறகு அழுதான். அடுத்த வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கிற அழுகை, வெட்கம் மானம் பார்க்காத அழுகை. நான் சமாதானம் சொல்லவில்லை. தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு நானும் அழுதேன். பாதி உனக்காக, பாதி நிம்மதியில். அண்ணன் அழுவதைக் கேட்டு நிம்மதியான தங்கை வேறு எவளாவது இருப்பாளா தெரியாது.

கோட்டை அவனிடமே கொடுத்துவிட்டேன். அவன் விடுவதற்கு இன்னும் நாளாகும், ஆகட்டும். இப்போது ராச்சாப்பாட்டுக்கு அவனே அரிசி களைகிறான். நான் கொல்லைப் படியில் உட்கார்ந்து உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உன்னிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம் ஒன்று. எந்த மரத்தைப் பார்த்தாலும் கட்டைவிரல் நகம் பட்டைக்குப் போய்விடுகிறது. தோட்டக்காரர்கள் சிரிக்கிறார்கள். இன்றைக்கு என் அண்ணாவைக் கீறிப் பார்த்தேன், மன்னி. உள்ளே பச்சை.