ரோமில் அவர் பார்க்காத கூரை

காவலூர், 6-2-1984, திங்கள்

பால் கொண்டுவரும் முனியம்மா காலையில் எங்கள் ரோம் போட்டோக்களைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரரிடம் கேட்டாள். “அய்யா, இந்த மாதா கோயிலு உள்ள இன்னா இருந்துச்சு?”

“கூரை பூரா ஓவியம்மா. ஒரு மூலையில தண்ணி எறங்கி ஒருத்தர் முகமே அழிஞ்சிருந்துச்சு.”

அத்தனையும் என் வார்த்தைகள்.

இத்தாலியில் அவருக்குப் பயிற்சி முடிந்ததும், சனி ஞாயிறு ரோமைச் சுற்றினோம். அந்தக் கோயிலுக்குள் நுழைந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். “ஏன் ஒரு விளக்குகூட இல்ல?” என்றார். வரிசையாக மெழுகுவத்திகள் எரிந்துகொண்டிருந்தன. கொஞ்ச நாளாகவே வெளிச்சம் குறைந்தால் கண் தெரிவதில்லை என்று அப்போதுதான் சொன்னார். இங்கே வானாய்வகத்தில், ராத்திரி முழுக்கத் தொலைநோக்கியில் வேலை செய்கிறவர்.

“ஆபீஸ்ல தெரியக்கூடாது” என்றார். கூரையில் இருந்ததையெல்லாம் அவர் காதில் சொன்னேன். நான் சொல்லி முடிக்கும்வரை அண்ணாந்தே நின்றார்.

இன்று இருட்டியதும் வேலைக்குக் கிளம்பியவர், வாசலில் நின்று, “நட்சத்திரம் வந்துடுச்சா?” என்று கேட்டார்.

வானம் கொள்ளாமல் நட்சத்திரங்கள் இருந்தன.

“இன்னும் வரலீங்க” என்றேன்.

எப்போது வரும் என்று அவருக்கா தெரியாது? டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.